பெயில் ஆகக் கூடாத கம்ப்யூட்டர்

திண்டுக்கல்லில் தண்ணீருக்கு அலைவது ஒன்றும் புதுசில்லை. இந்த ஊர்க்காரன் நடக்கப் பழகுவதே குடத்தைப் பிடித்துக்கொண்டுதான். ஆனால் ஒரு கம்ப்யூட்டர் பாஸாக வேண்டும் என்பதற்காக ஒரு சந்து முழுக்கத் தொண்டை வறண்டு கிடந்தது என்றால், அது எண்பத்தெட்டாம் வருஷம் பேகம்பூர் சோடாக்காரச் சந்தில் மட்டும்தான்.

அந்தச் சந்தில் கோலி சோடா போட்டுப் பிழைக்கிறவர் பக்ருதீன். வீட்டு முன்கட்டிலேயே மிஷின். பாட்டிலை மாட்டி, கேஸைத் திறந்து, பிடியைப் பிடித்து நாலு சுற்றுச் சுற்றினால் கோலி எழும்பி வந்து கழுத்தை அடைத்துக்கொள்ளும். கேஸ் கடையில் கிடைக்கும், எசன்ஸ் கடையில் கிடைக்கும். நல்ல தண்ணீர் குழாயில் வந்தால்தான் உண்டு. சந்துக்குப் பின்னால் ஒரு கிணறு இருக்கிறது. அந்தத் தண்ணீரில் சோடா போட்டுக் கொடுத்தால், குடிக்கிறவன் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

பூமிக்குள் கம்பி புதைக்க வந்த யாரோ சந்தின் வாயில் தோண்டி, குழாயை உடைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அதற்கப்புறம் பக்ருதீனுக்குக் கிணற்றுத் தண்ணீர்தான் கதி. சினிமாக் கொட்டகை கேண்டீன்காரர்தான் அவருடைய பெரிய வாடிக்கை. அவரே ஒருநாள் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"பாய், இது சோடாவா, வயித்தக் கழுவுற மருந்தா? இண்டர்வெல்லுல குடிச்சவன் ஒருத்தன்கூடப் பெறகு படம் பாக்கலை. வார மாசமும் இப்பிடின்னா நான் வேற கம்பெனி பாத்துக்கிறேன்."

அந்த வாடிக்கை போனால் மிஷினைப் பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதான். பக்ருதீன் நாலைந்து முறை மனுக் கொடுத்த பிறகு ஒருவழியாகக் குழாயை ஒட்டினார்கள். வால்வு திறக்கிற சுருளிவேல் வந்து, "பாய், நாளைக்கு உங்க சந்துக்குத் தண்ணி," என்று சொல்லிவிட்டுப் போனார்.

சொன்னபடியே வந்தது. பக்ருதீன் சம்சாரம் மைமூன் குழாய்க்கு முன்னால் குத்த வைத்து, "ஏங்க, நெசமாவே தண்ணியா, இல்ல வெறுங் காத்தா?" என்று கையை நீட்டிப் பார்த்தாள். தண்ணீர்தான். அன்றைக்குப் போட்ட சோடாவைக் குடித்துவிட்டுக் கேண்டீன்காரர் ஏப்பம் விட்டார். அதுதான் அவர் தருகிற சர்டிபிகேட்.

அடுத்த முறைக்குத் தண்ணீர் வரவில்லை. அதற்கடுத்த முறைக்கும் இல்லை. பக்ருதீன் சுருளிவேலை வழிமறித்தார்.

"என்ன சுருளி, வால்வு கிறுக்குப் புடிச்சிருச்சா?"

"வால்வு நல்லாத்தான் இருக்கு பாய். தொறக்கக் கூடாதுன்னு ஆர்டரு."

"எதுக்குப்பா?"

சுருளிவேல் தலையைச் சொறிந்தார். "எனக்கே வெளங்கலை பாய். நீங்க தண்ணி புடிச்சீகளாம். அதுனால கம்ப்யூட்டரு பெயிலாப் போச்சாம்."

பக்ருதீன் பள்ளிக்கூடத்தில் பெயிலானவர்தான். ஆனால் தான் தண்ணீர் பிடித்து இன்னொருத்தர் பெயிலானதாக அவர் கேள்விப்பட்டதில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனார்.

நீர் முறைவிடு அலுவலகம் என்று போர்டு போட்டிருக்கும். எந்தத் தெருவுக்கு எந்தக் கிழமை தண்ணீர் என்று முடிவு பண்ணுகிற இடம். முன்னாலெல்லாம் அதை ஆட்கள் முடிவு பண்ணினார்கள். ஆள் பார்த்து முறை வளைந்தது. வளையக் கூடாது என்று மெட்ராசிலிருந்து ஒரு கம்ப்யூட்டரை அனுப்பி வைத்தார்கள். அதில் ஓடுகிற புரோகிராமை எழுதியது மாலதி, சின்னாளப்பட்டி நெசவுக்காரர் வீட்டுப் பெண். சின்னப் புரோகிராம்தான். தெருப் பேரைத் தட்டினால் தண்ணீர் உண்டா, இல்லையா என்று சொல்லும். குழாய் உடைந்தது, ஒட்டினது எல்லாம் சுருளிவேல் வந்து சொல்லச் சொல்ல அதில் ஏற்றிக்கொண்டே வருவார்கள். இதில் யாருக்கும் கெடுதல் இல்லை.

கெடுதல் ஆபீசர் கண்ணுசாமி ரூபத்தில் வந்தது. அவர் கெட்டவர் இல்லை. கைச்சுத்தம் உள்ளவர். ஆனால் அவர் சர்வீஸ் முழுக்கப் பரீட்சை நடத்துகிற ஆபீசில் கழிந்தது. வினாத்தாள் கட்டுக்கு அரக்கு வைத்து வைத்தே தலை நரைத்தவரைத் தூக்கித் தண்ணீர் ஆபீசில் போட்டால் என்ன ஆகும்?

பக்ருதீன் போன நேரம் பரீட்சை நேரம். ஆபீஸ் ஆட்கள் எல்லோரும் செருப்பை வெளியே கழற்றிவிட்டு, கம்ப்யூட்டர் இருக்கிற ஏ.சி. அறைக்குள் நின்றார்கள். பியூன் மணி அடித்தார். கண்ணுசாமி ஒரு கவரின் அரக்கை எல்லோரும் பார்க்க உடைத்து, உள்ளேயிருந்து பிளாப்பியை எடுத்து மாலதியிடம் கொடுத்தார். அவள் அதைச் செருகினாள். கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஒரு கிளார்க் கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு நடந்துகொண்டே இருந்தார். அது எங்கேயாவது பார்த்து எழுதிவிடக் கூடாதாம். திரையில் பச்சை எழுத்தில் மூன்று தடவை 'பாஸ்' என்று விழுந்தது. எல்லோரும் மூச்சு விட்டார்கள். ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கூட்டம் கலைந்ததும் பக்ருதீன் தன் குறையைச் சொன்னார். கண்ணுசாமி நாற்காலி போடச் சொன்னார், டீ வரவழைத்தார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

"பாய், இப்பப் பாத்தீங்கல்ல? மூணும் பாஸ். ஏன் பாஸ்? உங்க சந்துல இன்னிக்குத் தண்ணி இல்ல, அதான் பாஸ். அன்னிக்கு நீங்க ஒருநாள் புடிச்சீங்க, மூணாங் கேள்வியில பெயில். இந்த ஆபீஸ் சரித்திரத்துல மொத பெயில். எனக்கு ராத்திரி சோறு இறங்கலை."

"எங்களுக்குத் தண்ணி இறங்கலையே சார்."

"தண்ணி இன்னிக்கு வரும், நாளைக்குப் போகும். ரிசல்ட் அப்பிடியா? அது மெட்ராஸுக்குப் போகுது. தண்ணி வரலைன்னு மெட்ராஸுல யாரும் கேக்கறதில்ல. பெயில்னா கேப்பாங்க."

"அப்ப எங்களுக்குத் தண்ணிய விட்டுப்புட்டு, கம்ப்யூட்டர்ல விடலைன்னு போட்டுக்கங்களேன் சார்."

கண்ணுசாமி காதைப் பொத்திக்கொண்டார். "பொய்யா? இந்த ஆபீஸ்ல பொய்யே எழுத மாட்டோம் பாய். 'தண்ணி இல்லை'ன்னு எழுதணும்னா தண்ணி இல்லாம இருக்கணும். அந்த நேர்மைக்காகத்தான் வால்வை மூடச் சொன்னேன்."

பக்ருதீன் டீயைக் குடித்துவிட்டு வெளியே வந்தார். போகிற போக்கில் அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு போட்டார்.

வராந்தாவில் மாலதி உட்கார்ந்திருந்தாள். "பாய், செத்த நேரம் இருங்க," என்று பக்கத்தில் இடம் விட்டாள். "தப்பு எம் மேலதான்."

"நீ என்னம்மா பண்ணுன?"

"சோடாவுக்குக் கேஸ் ஏத்துன பெறகு ஒவ்வொரு பாட்டிலையும் கவுத்துப் பாப்பீங்கல்ல, ஒழுகுதான்னு? ஒவ்வொண்ணா நீங்க கவுக்காம, ஒரு மிஷினே கவுத்துப் பாத்துச் சொன்னா எப்படி இருக்கும்? அந்த மாதிரிதான் பாய். நா எழுதுன புரோகிராம் ஒழுங்காச் சொல்லுதான்னு தெனமும் கேட்டுப் பாக்குறதுக்கு இன்னொரு குட்டிப் புரோகிராம். கேள்வியும் அதுக்குள்ள, விடையும் அதுக்குள்ள. ரெண்டும் ஒத்துப்போனா பாஸ்."

"நல்ல காரியந்தான."

"நல்ல காரியந்தான். ஆனா நல்ல பாட்டிலையே கவுத்துக்கிட்டு இருந்தா, மிஷினுக்கு ஒழுகல் தெரியுதான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க? ஒழுகுற பாட்டில் ஒண்ணும் வைக்கணும்ல?"

பக்ருதீனுக்கு மெல்ல மெல்ல விளங்கியது. "அந்த ஒழுகுற பாட்டிலு எங்க சந்தா?"

மாலதி தலையைக் குனிந்துகொண்டாள். "எழுதுன அன்னிக்கு உங்க குழாய் ஒடைஞ்சு கெடந்துச்சு பாய். 'சோடாக்காரச் சந்துக்குத் தண்ணி உண்டா? இல்லை'ன்னு எழுதிப்புட்டேன். நெசத் தெருவை வெச்சிருக்கக் கூடாது. சும்மா கற்பனையா ஒரு பேரை வெச்சிருக்கணும். இப்பவும் ஒரே ஒரு வரிதான். மாத்துனா முடிஞ்சுது."

"ஒரு வரிதான? மாத்திரும்மா, ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

"பிளாப்பி அரக்குக் கவருக்குள்ள இருக்கே பாய்."

மறுநாள் இருவரும் சேர்ந்தே கண்ணுசாமி முன்னால் போய் நின்றார்கள். ஒரு வரியை மாற்ற வேண்டும் என்று மாலதி சொன்னதும் அவர் முகம் கறுத்துவிட்டது.

"என்னம்மா சொல்றே? பரீட்சை நடந்துக்கிட்டிருக்கு, நீ வந்து விடையைத் திருத்தணும்ங்கறே. இதுக்கு நான் முன்னாடி இருந்த ஆபீஸ்ல ஆளைப் புடிச்சு உள்ள வெச்சிருப்பாங்க."

"சார், தெருவுல நிலவரம் மாறிடுச்சு. நிலவரம் மாறுனா விடையும் மாறணும்ல?"

"விடை மாறவே கூடாதும்மா. அதான் விடை. நிலவரம்தான் மாறிக்கிட்டே இருக்கும், அதை நம்பி ஆபீஸ் நடத்த முடியுமா?"

"அப்ப இல்லாத தெரு ஒண்ணைக் கேள்வியில வெச்சிருவோம் சார். யாருக்கும் தொந்தரவு இல்ல."

"இல்லாத தெருவா! அது சிலபஸ்லயே இல்லையே! பாடத்துல இல்லாத கேள்வியைக் கேட்டா அந்தக் கம்ப்யூட்டர் என்ன பாடுபடும்? பாய், நீங்களே சொல்லுங்க, நியாயமா?"

பக்ருதீன் மாலதியைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தார். கம்ப்யூட்டர் படும் பாட்டை நினைத்து வருத்தப்படுகிற மனுஷரிடம் சந்து படும் பாட்டைச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

விஷயம் சந்துக்குள் பரவியது. மைமூன் சும்மா இருக்கிற ஆளில்லை. "ஒங்களுக்குப் பேசத் தெரியலை. நா பேசுறேன்," என்று காலிக் குடங்களோடு பத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்கே போய்விட்டாள். குடத்தைத் தட்டித் தட்டி அவர்கள் போட்ட சத்தத்தில் பியூன் மணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார். கண்ணுசாமி வெளியே வந்தார். கையெடுத்துக் கும்பிட்டார். மேடை இல்லாவிட்டாலும் மேடையில் நிற்கிற மாதிரியே பேசினார்.

"தாய்மார்களே! இந்த ஊர்ல எத்தனையோ தெருவுல தண்ணி வருது. அவங்களால இந்த ஆபீஸுக்கு என்ன பிரயோஜனம்? தண்ணி வாற தெருவுக்குத் தண்ணி வருதுன்னு எந்தக் கம்ப்யூட்டரும் சொல்லும். தண்ணி வராத தெருவை வராதுன்னு சொல்றதுலதான் அறிவு இருக்கு. அந்த அறிவை நிரூபிக்கிற ஒரே சந்து உங்க சந்து. நீங்க ஒரு குடம் புடிச்சா இம்புட்டு விஞ்ஞானமும் வீணாப் போயிரும். உங்க தியாகத்தை அலுவலகம் மறக்காது."

மறக்கவில்லை. வீட்டுக்கொன்றாகப் பாராட்டுப் பத்திரம் அடித்துக் கொடுத்தார். மைமூன் அதைப் புரட்டிப் பார்த்து, "இத வெச்சு என்னத்தப் பண்ண? கரைச்சுக் குடிக்கக்கூடத் தண்ணி வேணுமே," என்றாள்.

கேண்டீன்காரர் கொடுத்த கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. பக்ருதீன் தள்ளுவண்டித் தண்ணீர் வாங்கி இரண்டு நாள் சோடா போட்டுப் பார்த்தார், கட்டுப்படியாகவில்லை. மூன்றாம் நாள் நேராகப் போய்க் கண்ணுசாமி மேஜைக்கு முன்னால் நின்றார். வேண்டி வேண்டிப் பார்த்து அலுத்து, இப்போது கோபத்தில் வந்திருந்தார்.

"சார், ஒங்க கேள்விய மாத்தக் கூடாது, விடைய மாத்தக் கூடாது. சரி. எங்க சந்துப் பேரயாவது மாத்தித் தொலைங்க! அந்தப் பேரு இருந்தாத்தான எங்களுக்குத் தண்ணி இல்ல?"

வயிற்றெரிச்சலில் சொன்ன பேச்சு. ஆனால் கண்ணுசாமி எழுந்து நின்றுவிட்டார். மேஜையைச் சுற்றி வந்து பக்ருதீன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"பாய்! இவ்வளவு நாள் இது எனக்குத் தோணலையே! கேள்வியில கை வைக்கலை, விடையில கை வைக்கலை. தெருவுலதானே கை வைக்கிறோம்!"

பக்ருதீன் பயந்துபோனார். தான் சொன்னது ஒரு ஆபீசருக்குப் பிடித்துப்போனால் அதில் ஏதோ கோளாறு இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

ஒரு வாரத்துக்குள் போர்டு மாறியது. சோடாக்காரச் சந்து, மேல சோடாக்காரச் சந்து ஆனது. கீழ சோடாக்காரச் சந்து எங்கே என்று கேட்கக் கூடாது. அப்படி ஒன்று கிடையாது. புதுத் தெரு பிறந்துவிட்டதாகக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். சனிக்கிழமை முறை என்று விழுந்தது. சனிக்கிழமை தண்ணீரும் வந்தது. கேண்டீன்காரர் மறுபடி ஏப்பம் விட்டார். சந்துப் பிள்ளைகள் தெருவிலேயே குளித்தன.

இத்தோடு விட்டிருந்தால் அது ஆபீசே இல்லை. பழைய பேர் அனாதையாக நிற்கிறதே என்று கண்ணுசாமிக்குக் கவலை வந்துவிட்டது. கேள்வியில் கேட்கிற தெரு பூமியில் இருக்க வேண்டும். அதனால் தாடிக்கொம்பு ரோட்டில், கருவேலம் புதர் மண்டிய பொட்டலில், ஒரு குழாய்த் தூணை நட்டார்கள். பழைய போர்டைக் கழற்றிக் கொண்டுபோய் அங்கே மாட்டினார்கள். குழாய்க்கு அடியில் வெறும் மண்தான்; எந்தத் தண்ணீரோடும் அதற்குச் சம்பந்தம் இல்லை. ஆனாலும் மழை பெய்து குழாய் வாயில் ஒரு சொட்டு நின்றுவிட்டால்? மேலே கீற்றுக் கூரை போட்டார்கள். எவனாவது வம்புக்கு ஒரு குடத்தைக் கொண்டுவந்து கவிழ்த்துவிட்டால்? ஒரு காவலாளி வேண்டும். ஆபீசில் தண்ணீரைப் பற்றித் தெரிந்த ஆள் ஒருவர்தான். சுருளிவேலைப் போட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை மேல சோடாக்காரச் சந்தில் குடங்கள் வரிசை கட்டி நின்றன. தண்ணீர் வரவில்லை. பக்ருதீன் ஆபீசுக்கு ஓடினார். மாலதி கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தாள். "மேல சோடாக்காரச் சந்து, இன்னிக்குத் தண்ணி உண்டு," என்றது. காலையில் மூன்று கேள்வியும் பாஸ்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு பாய்," என்றவள் சட்டென்று நெற்றியில் கை வைத்தாள். "வால்வைத் தொறக்க ஆளு?"

அன்றைக்கு இரண்டாவது ஆட்டத்துக்குக் கொட்டகைக்குக் கல்யாணக் கும்பல் வரும் என்று கேண்டீனில் கூடுதலாகச் சோடா கேட்டிருந்தார்கள். இருந்த சரக்கு ஒரு பெட்டி. அதை சைக்கிளில் கட்டிக்கொண்டு, வழியில் அப்படியே சுருளிவேலைப் பிடித்துக் கூட்டி வந்துவிடலாம் என்று பக்ருதீன் தாடிக்கொம்பு ரோட்டில் மிதித்தார். வெயில் மண்டையைப் பிளந்தது.

பொட்டலில் மூன்று ஜீப்பு நின்றது. மெட்ராசிலிருந்து பெரிய அதிகாரி வந்திருந்தார். ஒரு தடவைகூடப் பெயில் ஆகாத ஆபீஸ் என்று கேள்விப்பட்டு நேரில் பார்க்க வந்தாராம். நடுவில் வந்த அந்த ஒரு பெயிலைக் கண்ணுசாமி எப்படிச் சரிக்கட்டினார் என்று யாருக்கும் தெரியாது. கருவேலம் புதருக்கு நடுவே, கீற்றுக் கூரைக்குக் கீழே, குழாய்க்குப் பக்கத்தில் சுருளிவேல் காக்கிச் சட்டையில் விறைத்து நின்றார்.

"இதுதானா அந்தச் சந்து?" என்றார் பெரிய அதிகாரி. சுற்றிலும் ஒரு வீடுகூட இல்லையே என்று அவர் கேட்கவில்லை.

"இதேதான் சார். சிலபஸ்ல உள்ளபடி."

பெரிய அதிகாரி குனிந்து குழாயைத் திருகினார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். குழாய் கிரீச்சென்றது. ஒன்றும் வரவில்லை. இன்னும் திருகினார். உள்ளேயிருந்து ஒரு கட்டெறும்பு மட்டும் வெளியே வந்து, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி உள்ளே போய்விட்டது.

"சொட்டுக்கூட இல்லை!" என்றார் பெரிய அதிகாரி.

யாரோ கைதட்டினார்கள். அப்புறம் எல்லோரும் தட்டினார்கள். கண்ணுசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. பரீட்சை முடிவு வந்த அன்றைக்குத் தகப்பன்கள் அழுவதுபோல அழுதார். பெரிய அதிகாரி அவர் தோளைத் தட்டி, "ஒவ்வொரு ஊருக்கும் இதுமாதிரி ஒரு தெரு அமைக்க எழுதறேன்," என்றார். மறுபடி கைதட்டல்.

தட்டி ஓய்ந்ததும் எல்லோருக்கும் தாகம் எடுத்தது. அத்தனை பேரும் அனிச்சையாகக் குழாயைப் பார்த்தார்கள். பிறகு பக்ருதீனுடைய பெட்டியைப் பார்த்தார்கள்.

பக்ருதீன் வேறு வழியில்லாமல் உடைத்துக் கொடுத்தார். டப், டப் என்று கோலி இறங்கிக்கொண்டே இருந்தது. பெட்டியில் இரண்டு பாட்டில்தான் மிச்சம். ஜீப்புகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போன பிறகு பொட்டலில் அவரும் சுருளிவேலும்தான்.

"யோவ் சுருளி, சந்துல பொம்பளைக நிக்குறாக. வா, வந்து வால்வத் தொறந்து விடு."

"எப்பிடி பாய் வருவேன்? நா அங்கிட்டுப் போன நேரம் இங்கிட்டுத் தண்ணி வந்துருச்சுன்னா?"

"எங்கருந்துய்யா வரும்? அடியில மண்ணுதான கெடக்கு!"

"எனக்குத் தெரியும், ஒங்களுக்குத் தெரியும். ஆர்டருக்குத் தெரியுமா? ஏங்கிட்டக் கையெழுத்து வாங்கிருக்காக பாய். பென்சன் போயிரும்."

பக்ருதீன் ஒரு சோடாவை உடைத்து அவரிடம் கொடுத்தார். சுருளிவேல் ஒரே மூச்சில் குடித்தார். ரோட்டின் இரண்டு பக்கமும் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். பிறகு கூரை ஓலைக்குள் கையை விட்டு, இடுப்புயரத்துக்கு ஒரு இரும்புக் கம்பியை உருவினார். வால்வு திருகுகிற சாவி.

"இந்தாங்க. மசூதி முக்குல ரெண்டு மூடி இருக்கும். எடது பக்கத்தது ஒங்களுக்கு. நாலு சுத்து. அதுக்கு மேல சுத்தாதீக, அடுத்த தெருவுக்குப் போகாது."

"நானா? யாராச்சும் கேட்டா?"

"யாரு கேக்கப் போறா? எல்லாரும் இங்கதான வந்து பாத்துட்டுப் போறாக."

பக்ருதீன் சாவியை சைக்கிள் பாரில் கட்டிக்கொண்டார். மிச்சமிருந்த ஒரு பாட்டிலைக் குழாய்த் தூணுக்கு அடியில் நிழலாகப் பார்த்து வைத்துவிட்டு, "சாயங்காலம் குடி," என்று சொல்லிவிட்டு மிதித்தார்.

அன்றைக்குச் சந்தில் தண்ணீர் வந்தது. கொஞ்சம் பிந்தித்தான் வந்தது, ஆனாலும் இரண்டாவது ஆட்டத்துக்குச் சோடா போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் பக்ருதீன்தான் திறக்கிறார், மைமூன் நாலு சுற்றை எண்ணுகிறாள். கம்ப்யூட்டரிடம் இதுவரை யாரும் சொல்லவில்லை.